கல்லுக்கு மேலே

குழந்தைவேலுவின் கிணறு துளைக்கும் ரிக் பாறையைத் தொட்டால் நின்றுவிடும். அவர் சொல்லாமல் அதற்குக் கீழே ஓர் அடி இறங்காது. மலேசியாவின் கெடாவில் பாலிங் தொடங்கி பீடோங் வரை அவர் போட்ட கிணறுகள் எல்லாம் அப்படிப் போட்டவைதான். பாறை தட்டியதும் எஞ்சினை அடக்குவார்கள். துளையிலிருந்து வந்த முதல் கல்தூளை ஒருவன் உள்ளங்கையில் ஏந்தி வருவான். அவர் தேய்ப்பார், நாக்கில் வைப்பார், துப்புவார். பிறகு ஒரு வார்த்தை சொல்வார். பெரும்பாலும் அது "இறக்கு" என்றுதான் இருக்கும்.

இப்போது அவருக்கு முட்டி போய்விட்டது. கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று நின்று காதும் போய்விட்டது. ரிக்கை மருமகன் லோகேஸ்வரன் மாலத்தீவுக்குக் கொண்டுபோயிருந்தான். அவர் சுங்கை லாலாங்கில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டுக் கொட்டகையில், ரிக்கின் மிச்ச இரும்பு ராடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ரிக்குக்கும் நடுவில் இருந்தது மகள் காஞ்சனாவின் கைப்பேசி.

"உங்கப்பாவுக்கு உன் வாய் ஒண்ணுதான் கேக்கும்" என்பாள் அம்மா மருதம்மாள். காது மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். உள்ளே வண்டு கத்துகிறது என்று கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டார். காஞ்சனா அவருக்கு நேர் எதிரே நின்று, உதட்டை அகலத் திறந்து, உரக்கப் பேசுவாள். நீளமாகப் பேசினால் அவருக்குப் பிடிபடாது. பிடிபடாவிட்டால் கோபம் வரும். அதனால் யார் என்ன சொன்னாலும் அவள் அதை இரண்டு வார்த்தையாக்கிவிடுவாள். டாக்டர் படம் வரைந்து விளக்கியதெல்லாம் "உப்பைக் குறைங்க" என்று ஆனது. பேங்க்காரன் பேசியது "நாளைக்கு வரச் சொல்றான்" என்று ஆனது. இதுவரை அதில் கெட்டுப்போனது எதுவும் இல்லை.

அன்று கூலிம் தொழிற்சாலையில் அவளுக்கு விடுமுறை. துவைத்த துணியை உதறிக்கொண்டிருந்தபோது லோகேஸ்வரன் கூப்பிட்டான்.

"காஞ்சனா, பாறை தட்டிருச்சு. மாமாகிட்ட கேளு."

பின்னால் எஞ்சின் அடங்கி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் பின்னால் கடல். இரண்டையும் அவளால் பிரித்துக் கேட்க முடிந்தது.

"ஹாரிஸ் பக்கத்துல இருக்காரா?"

"எங்க லா இருக்கான். பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சுன்னு நேத்தே போட் ஏறித் தலைநகரத்துக்குப் போயிட்டான். அடிச்சா எடுக்க மாட்றான். கெத்துவா என் தலைமேல நிக்கிறாரு. மணல்ல ஊறுற தண்ணி பத்தாதாம்."

ஹாரிஸ் அந்தத் தீவின் தண்ணீர் எஞ்சினியர். கெத்துவா என்று லோகேஸ்வரன் சொன்னது தீவின் தலைவரை. எந்த ஊர்த் தலைவரும் அவனுக்குக் கெத்துவாதான்.

காஞ்சனா கொட்டகைக்குப் போனாள். கைப்பேசியைப் பார்த்ததும் குழந்தைவேலு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாறை" என்றாள்.

"நெறம் என்னான்னு கேளு."

கேட்டாள். "வெள்ளை."

"துளைக்கிற பிட்டு எப்படிக் கத்துது? மணி அடிக்கிற மாதிரியா, பல்லைக் கடிக்கிற மாதிரியா?"

கேட்டாள். "மணி மாதிரி."

அவர் தொடையில் தட்டினார். "பாலிங் கல்லு மாதிரி. நல்ல கல்லு. இறக்கச் சொல்லு."

காது கேளாதவரின் குரல் அது. தகரக் கூரையில் உட்கார்ந்திருந்த மைனாக்கள் எழுந்து பறந்தன. அவள் கைப்பேசியைப் பொத்தினாள்.

"மாமா என்ன சொன்னாரு?" என்றான் லோகேஸ்வரன்.

"இருங்க. யோசிக்கிறாரு. நான் கூப்பிடுறேன்."

வைத்துவிட்டாள்.

"சொல்லிட்டியா?" என்றார் அப்பா.

அவள் தலையை ஆட்டினாள். பார்க்கிறவர் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற ஆட்டம்.

*

தீவில் இறங்கிய முதல் வாரத்திலேயே லோகேஸ்வரன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். ஹாரிஸ் அவனை ஈரப்பலா மரத்தடியில் உட்காரவைத்து விளக்கியதை, அவன் இரவு சாப்பாட்டுக்கு முன் கூப்பிட்டு, கதை மாதிரி அவளுக்குச் சொன்னான்.

அந்தத் தீவுக்கு அடி இல்லை. ஒரு காலத்தில் அங்கே ஓர் எரிமலை கடலுக்கு மேலே நின்றது. அதன் ஓரத்தில் பவளம் வளர்ந்தது. பவளத்துக்கு வெயில் வேண்டும். ஆழத்தில் உயிர் வாழாது. மலை தன் கனத்தில் மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ்ந்தது. மனிதனின் நகம் வளரும் வேகத்தைவிட மெதுவாக. மலை அமிழ அமிழ, செத்த பவளத்தின் மேல் புதுப் பவளம் ஏறி வெயிலை விடாமல் பிடித்துக்கொண்டது. கடைசியில் மலை போய்விட்டது. அதைச் சுற்றி வளர்ந்த வளையம் மட்டும் மேலே நின்றது. வளையத்தின் மேல் அலை ஒதுக்கிய மணல்தான் தீவு. தென்னை, பள்ளிவாசல், பள்ளிக்கூடம், நானூறு பேர், எல்லாம் அந்த மணல்மேல்.

மழை அந்த மணலில் இறங்கி, கடல்நீரின் மேல் மிதக்கிறது. "மீன் குழம்பு மேல எண்ணெ மிதக்குதில்ல, அந்த மாதிரி" என்றான் லோகேஸ்வரன். அதைத்தான் தீவு குடிக்கிறது.

அவன் முக்கியமாகச் சொன்னது அடுத்தது. மணலுக்குக் கீழே வரும் பாறை பழைய பவளம். ரொம்பக் காலத்துக்கு முன் உலகம் குளிர்ந்து கடல் கீழே போனபோது அது வெயிலில் நின்றது. மழை அதை அரித்து உள்ளே பொந்து பொந்தாக்கியது. பிறகு கடல் ஏறியபோது அந்தப் பொந்துகளில் கடல் புகுந்துகொண்டது. இன்றும் அங்கேதான் போய்வருகிறது. மணல் தண்ணீரைப் பிடித்துவைக்கும். அந்தப் பாறை பிடிக்காது. "பாறையத் தொட்டதும் நின்னுடுங்க, ஆழமா வேணாம், தள்ளித் தள்ளி நெறைய போடலாங்கிறான். இத மாமாகிட்ட அப்படியே சொல்லிடு."

காஞ்சனாவுக்கு அது பிடித்திருந்தது. பஸ்ஸில் போகும்போது கைப்பேசியில் தேடிப் படித்தாள். தொழிற்சாலையில் ஒருமுறை பாயார் தீவுக்கு அழைத்துப் போனபோது, அடியில் கண்ணாடி பதித்த படகில் குனிந்து பவளத்தைப் பார்த்திருக்கிறாள். பூச்செடி என்று நினைத்திருந்தாள். அது பூச்சிகள் கட்டிய வீடு என்றும், அது ஒரு மலையின் கதையைச் சொல்லும் என்றும் அப்போது தெரியாது.

ஆனால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? மலை, அமிழ்வது, பவளம், பொந்து, மிதப்பது. அவள் அவர் முன்னால் போய் நின்றாள். அவர் சங்கிலிக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

"அங்க இருக்கிற எஞ்சினியர் என்னாங்கிறான்?"

"பாத்து இறக்கச் சொல்றாரு" என்றாள்.

"பாக்காம இறக்குறவனா நம்மாளு" என்று அவர் சிரித்தார். அதோடு முடிந்தது.

லோகேஸ்வரன் அதற்குப் பிறகு ஒருமுறை கேட்டான். "மாமாகிட்ட சொல்லிட்டியா?" அவள் சொல்லிவிட்டேன் என்றாள். சொல்லியதாகத்தான் அப்போது நினைத்தாள்.

*

இப்போது அவள் கொட்டகைத் தரையில் குந்தினாள். ஒரு போல்ட்டை எடுத்து மண்ணில் கோடு இழுத்தாள்.

"அப்பா, இங்க பாருங்க. இது கடல். இது மணல். மழைத்தண்ணி இங்க நிக்குது. மேலே."

"ம்."

"இது பாறை. பாறைக்குள்ள உப்புத்தண்ணி."

"பாறைக்குள்ள எப்படி உப்பு வரும்? பாறை என்ன ஊறுகாயா?"

"அது பவளம்பா. பூச்சி கட்டினது. உள்ளே ஓட்டை."

"பூச்சி."

"ஆமா. கீழ மலை இருந்துச்சு. முங்கிருச்சு."

குழந்தைவேலு மகளை ஏற இறங்கப் பார்த்தார். வாசல் பக்கம் திரும்பி, "மருதம்மா" என்று கத்தினார். "இங்க வந்து கேளு. பூச்சி வீடு கட்டி மலை முங்கிருச்சாம்."

மருதம்மாள் அகப்பையோடு எட்டிப் பார்த்தாள். "உங்க ராடோட எடைக்கு மலை முங்கினாலும் முங்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவருக்கு அது கேட்கவில்லை.

"அப்பா, விளையாடல. பாறையத் தொடக் கூடாது."

"தங்கச்சி" என்றார் அவர். கோபம் வந்தாலும் அவர் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். "போன வருசம் பீடோங்ல உன் வீட்டுக்காரன் என்ன பண்ணான்? நான் ஆஸ்பத்திரில கெடந்தேன். பாறை தட்டுச்சு, மாப்பிள்ள பயந்து நிறுத்திட்டாரு. காஞ்ச கிணறு. பின்னால வேற ஆளு வந்து அதே துளையில இறக்கினான், தண்ணி பீச்சுச்சு. ஊரே சிரிச்சுது. மணல்ல வர்றது மழைத்தண்ணி. வெயில் அடிச்சா போயிரும். பாறைத் தண்ணிதான் நிக்கும். இது உனக்கு ஃபோன்ல போட்டிருக்காது."

கெடாவில் அது உண்மை. அவளுக்கும் தெரியும். அந்த உண்மையில்தான் அவள் சாப்பிட்டு வளர்ந்தாள்.

அவள் எழுந்து கொட்டகைக்கு வெளியே போனாள். அப்பாவுக்கு உதடு தெரியாத இடமாகப் பார்த்து, கதவு ஓரம் முதுகைக் காட்டி நின்றாள். அப்பா நிறுத்தச் சொல்கிறார் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். பிறகு வருவது வரட்டும்.

மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. "இறக்க வேணாம்" என்று எழுதி அனுப்பினாள். இரண்டு குறி விழுந்தது. படித்ததற்கான நீலம் வரவில்லை.

ரிக் ஓடும்போது கைப்பேசி லோகேஸ்வரனின் சட்டைப் பையில் இருக்காது. அதிர்வில் விழுந்துவிடும் என்று பெட்டிக்குள் போட்டுவிடுவான். ரிக் நிற்கும்போது மட்டும்தான் எடுப்பான்.

எடுக்கவில்லையென்றால் ரிக் ஓடுகிறது.

*

துணிக்கொடியில் பாதித் துணி காய்ந்துவிட்டது. மீதி வாளியிலேயே கிடந்தது. அவள் கேட்டுக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டிருந்தாள். கடைசியில் அவனே கூப்பிட்டான். முதலில் அவன் குரல் கேட்கவில்லை. மழை கொட்டுவது போன்ற சத்தமும், அதில் நனைந்து பிள்ளைகள் கூச்சலிடுவதும்தான் கேட்டது.

"ராடு விழுந்துச்சு, காஞ்சனா. பாறைக்குள்ள போன கொஞ்ச நேரத்துல ஒரு ஆள் உசரத்துக்குத் தடால்னு விழுந்துச்சு. கம்ப்ரசர் போட்டேன். தென்ன மர உசரத்துக்குத் தண்ணி. ஊரே இங்கதான் நிக்குது. கெத்துவா என்னைக் கட்டிப்பிடிச்சுட்டாரு."

"நான் இருங்கன்னு சொன்னேனே."

"மாமா குரல்தான் கேட்டுச்சே. இறக்கச் சொல்லுன்னு. தெளிவாக் கேட்டுச்சு லா."

"வாயில வச்சுப் பாத்தீங்களா?"

"நல்ல தண்ணி. இளநி மாதிரி. மாமாகிட்ட சொல்லு."

அவள் சொன்னாள். ராடு விழுந்தது என்பது அவர் தொழிலில் கேட்க ஆசைப்படும் செய்தி. பாலிங்கில் சுண்ணாம்புக் கல்லுக்குள் ராடு விழுந்தால் கீழே குகை இருக்கிறது என்று அர்த்தம். குகை நிறையத் தண்ணீர். குழந்தைவேலு முட்டி வலியை மறந்து எழுந்து நின்றுவிட்டார்.

"நான் என்ன சொன்னேன்? நான் என்ன சொன்னேன்? மருதம்மா, கேசரி கிண்டு."

அவர்கள் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்பா இரண்டு முறை சோறு வாங்கினார். மருமகனை இனி யாரும் பீடோங் பேச்சு பேசிச் சிரிக்க முடியாது என்றார். காஞ்சனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். மேலே மிதந்த எண்ணெயை முதலில் எடுத்துவிட்டால் அடியில் என்ன வரும் என்று யோசித்தாள். தட்டு முழுக்க மஞ்சளாகப் பரவியிருந்த குழம்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கைப்பேசி அவள் தொடைமேல் கிடந்தது. ஹாரிஸின் எண்ணுக்கு மேசைக்கடியில் அடித்தாள். அது அணைந்திருந்தது. அங்கே ஒரு பெண் பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கிறாள்.

"என்னடி, புருசன் ஜெயிச்சிட்டான், உனக்கு முகம் செத்துப்போன மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல."

"கேசரி வேணுமா?"

"வேணாம்மா."

கேசரி ஆறுவதற்குள் கைப்பேசி நடுங்கியது. இந்த முறை பின்னால் எஞ்சின் இல்லை, பிள்ளைகள் இல்லை. கடல் மட்டும் கேட்டது.

"காஞ்சனா." லோகேஸ்வரன் மெதுவாகப் பேசினான். "உப்பு."

அவள் எழுந்து கையைக் கழுவாமல் வெளியே போனாள்.

"மொதல்ல நல்லாத்தான் வந்துச்சு. அப்புறம் லேசாக் கரிச்சுது. இப்போ வாயில வைக்க முடியல. கடல்தான். நிறுத்திட்டேன். ஆனா வந்த தண்ணி பூரா மணல்ல ஓடி உள்ள இறங்கிருச்சு. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க, ஜைனப்புன்னு பேரு. எங்களுக்கு மீனு சமைச்சுக் குடுப்பாங்க. அவங்க கிணறு கரிக்குதுன்னு வாளியத் தூக்கிட்டு வந்து என் முன்னால வச்சாங்க. வச்சுட்டு நிக்கிறாங்க."

"கெத்துவா?"

"போயிட்டாரு. துளைய அடைக்கணும், காஞ்சனா. எப்படின்னு தெரியல. கீழ வெறும் பொந்து. சிமெண்டு ஊத்தினா அது பாட்டுக்கு ஓடிரும்." கொஞ்சம் நிறுத்தினான். "ஹாரிஸ் சொன்னதெல்லாம் தெரிஞ்சுதான மாமா இறக்கச் சொன்னாரு. அவருக்குத் தெரியாமலா இருக்கும்னுதான் இறக்கினேன்."

இதுவரை அவளுக்கு இருந்தது பயம். இப்போது அதற்கு ஒரு முகம் வந்தது. அது அவளுடையது.

"அவருக்குத் தெரியாது" என்றாள். "நான் சொல்லல. பாத்து இறக்கச் சொல்றாங்கன்னு மட்டும் சொன்னேன்."

அங்கே அலை வந்து திரும்பியது. இன்னொன்று வந்து திரும்பியது.

"இப்போ சொல்லு" என்றான்.

*

குழந்தைவேலு கேசரிக் கிண்ணத்தோடு நாற்காலிக்குத் திரும்பியிருந்தார். அவள் எதிரே நின்றாள்.

"உப்பு" என்றாள்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். "கேசரிலயா?"

"கிணத்துல."

சிரிப்பு அவர் முகத்தில் உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்து பிறகு போனது. "மொதத் தண்ணி எங்கயாச்சும் கரிக்கும். ஓட விட்டா சரியாயிடும்."

"ஓட விட்டாங்க. அதுலதான் உப்பாச்சு. பக்கத்துக் கிணறும் கெட்டுருச்சு."

அவர் யோசித்தார். காலையில் அவர் யோசிக்கிறார் என்று அவள் பொய் சொன்னாள். இப்போது நிஜமாகவே யோசித்தார். நாக்கு வாய்க்குள் எதையோ தேடியது.

"துளையில தண்ணி நிக்குதா, ஏறி எறங்குதா? கேளு."

கேட்டாள். லோகேஸ்வரன் நூலில் கல் கட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "ஏறுது. கடல் ஏறுது, இதுவும் ஏறுது."

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "கடலோட சேந்து ஏறுதாம்."

குழந்தைவேலு கிண்ணத்தைத் தரையில் வைத்தார். "மெர்போக்" என்றார். மெர்போக்கில் அலையாத்திக் காட்டோரம் அவர் ஒருமுறை போட்ட கிணறு ஆற்றோடு சேர்ந்து மூச்சு விட்டது. அதில் வந்ததும் உப்பு. அவர் சொன்ன கிணற்றுக் கதைகளில் அது மட்டும் வந்ததே இல்லை. "அப்போ அது பாறை இல்ல. கடலுக்கு மூடி."

"அததான் ஹாரிஸ் சொன்னாரு."

"எப்போ சொன்னான்?"

"போன மொத வாரமே. இவர்கிட்ட. இவரு என்கிட்ட. உங்ககிட்ட சொல்லச் சொல்லி."

"நீ சொல்லல."

"பாத்து இறக்கச் சொல்றாருன்னு சொன்னேன்."

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையாமல் நின்ற பிறகும் பார்த்தார். "அவ்வளவையும் சேத்து அதான் ஆச்சா?"

"அதான் ஆச்சு."

மருதம்மாள் வாசலில் நின்றிருந்தாள்.

"உக்காரு" என்றார் அவர். "ஃபோனைப் பிடி. நான் சொல்றத நான் சொல்ற மாதிரியே சொல்லு. ஒரு எழுத்தக் கொறைக்காத. அவன் சொல்றதையும் அப்படியே சொல்லு. எனக்குப் புரியலைன்னா மறுபடி சொல்லு. நான் கத்தினா கத்தட்டும்."

அவள் கவிழ்த்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தாள். முட்டியும் முட்டியும் இடிக்கும் தூரம்.

அவர் சொன்னார். பொந்தை நிரப்பப் பார்க்காதே. கடலை நிரப்ப முடியாது. கழுத்தை அடை. கோணிச் சாக்கு வேண்டும். கோணி இல்லை, பிளாஸ்டிக் அரிசிச் சாக்குதான் இருக்கிறது என்றான் லோகேஸ்வரன். அரிசிச் சாக்கு வழுக்கும் என்றார் அவர். உள்ளே என்ன திணிப்பது? தேங்காய் மட்டை. அங்கே மட்டைக்குப் பஞ்சமில்லை. மட்டையை நசுக்கி, துளையைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சாக்கில் திணித்து, வழுக்காமல் மீன்வலையால் சுற்றிக் கட்டு. ஊறினால் மட்டை உப்பும். ராடால் குத்தி இறக்கு. பாறைக்குள் போனதும் அது இறுகும். இறுகியது கைக்குத் தெரியும்.

"கைக்குத் தெரியுமாங்கிறாரு" என்றாள். "தெரியலைன்னா?"

"தெரியும். பீடோங்ல பயந்த கை அது. பயந்த கைக்கு எல்லாம் தெரியும்னு சொல்லு."

அவள் அதையும் சொன்னாள். ஒரு எழுத்துக் குறைக்கவில்லை.

பிறகு சிமெண்டு. மேலிருந்து ஊற்றாதே, தண்ணீர் அதைக் கரைத்துவிடும். சின்னக் குழாயை அடிவரை விட்டு, குழாய் வழியாக இறக்கு. குழாயை மெல்ல மெல்ல மேலே இழு. பாறை முடிந்து மணல் தொடங்கும்வரை சிமெண்டு வர வேண்டும். முக்கியம்: கடல் ஏறும்போதும் ஊற்றாதே, இறங்கும்போதும் ஊற்றாதே. ஏறி முடிந்து இறங்கத் தொடங்கும் முன்னால் தண்ணீர் கொஞ்ச நேரம் எங்கேயும் போகாமல் நிற்கும். அந்த நேரம்.

"அது எப்போன்னு எப்படித் தெரியும்?"

"மீன்காரன எழுப்பு. அவனுக்குத் தெரியும்."

"மாமா" என்றான் லோகேஸ்வரன். "இது நிக்குமான்னு கேளு."

அவள் கேட்டாள். குழந்தைவேலு ராடுகளைப் பார்த்தார்.

"மெர்போக்ல நின்னுச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டாவது தடவ" என்றார்.

அவள் அதையும் அப்படியே சொன்னாள்.

*

தீவில் கடல் ஏறி நிற்கும் நேரத்தில் அவள் கூலிமில் இருந்தாள். விடியலில் கம்பெனி பஸ் ஏறியபோது லோகேஸ்வரன் அனுப்பிய கடைசிச் செய்தி, சாக்கு இறுகிவிட்டது என்பது. தொழிற்சாலைக்குள் கைப்பேசி கூடாது. லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, வெள்ளை அங்கியும் முகமூடியும் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அவள் வேலை பூதக்கண்ணாடிக்கடியில் மின்னணுச் சில்லுகளைப் பார்த்து, ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது. அன்று எல்லாவற்றிலும் ஓட்டை தெரிந்தது. நல்லதையெல்லாம் கழிவுத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள் பக்கத்து மேசை ஷாமளா. "இப்படியே போனா ஃபேக்டரிய மூடிருவாங்க லா."

காஞ்சனா கையை நிறுத்தினாள். கழிவுத் தட்டை இழுத்து, போட்டதையெல்லாம் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள்.

இடைவேளையில் லாக்கரைத் திறந்தாள். செய்தி இல்லை. கழிப்பறைக்குப் போகிறேன் என்று சொல்லி மறுபடி வந்து திறந்தாள். இல்லை. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது ஒரு செய்தி இருந்தது. "ஊத்தியாச்சு. தண்ணி ஏறல, எறங்கல. பாக்கலாம்."

பாக்கலாம் என்பதை அவள் பஸ்ஸில் திரும்பத் திரும்பப் படித்தாள். அப்பாவிடம் வந்து அதை எழுத்துக் குறைக்காமல் சொன்னாள்.

அதன்பிறகு வந்த நாட்களில் குழந்தைவேலு கொட்டகையை விட்டு அதிகம் நகரவில்லை. காது மெஷினை இழுப்பறையிலிருந்து எடுத்து மாட்டிப் பார்த்தார். வண்டு கத்தியது. கழற்றவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்தார். சாயங்காலம் காஞ்சனா வேலைவிட்டு வரும்போது கேட்டில் சைக்கிள் சத்தம் கேட்டால்கூடத் திரும்பிப் பார்த்தார்.

ஹாரிஸ் தீவுக்குத் திரும்பினான். பெண் குழந்தை. லோகேஸ்வரன்மேல் அவன் கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்றான் லோகேஸ்வரன். ஜைனப்பின் கிணற்றை இறைத்து இறைத்துக் கடலில் கொட்டினார்கள். குடிக்க அவளுக்குப் பள்ளிவாசல் தொட்டியிலிருந்து குடத்தில் தூக்கிப் போய்க் கொடுத்தது ரிக் ஆட்கள். ஒரு மழை பெய்தது. போதவில்லை. இன்னொன்று இரண்டு நாள் விடாமல் பெய்தது.

மழை விட்ட மறுநாள் லோகேஸ்வரன் முகம் தெரியும்படி கூப்பிட்டான். காஞ்சனா கைப்பேசியை அப்பாவுக்கும் தெரியும்படி பிடித்தாள். அம்மா பின்னால் வந்து நின்றாள்.

திரையில் ஒரு வட்டக் கிணறு தெரிந்தது. கையால் கட்டிய விளிம்பு, வெள்ளைப் பவளக்கல், அதில் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பூச்சி வீடுகள். குழந்தைவேலு கண்ணைச் சுருக்கி அந்தக் கல்லைப் பார்த்தார். முக்காடு போட்ட ஒரு பெண் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என் நாக்கு இப்போ எதுக்கும் ஒதவாது" என்றது லோகேஸ்வரனின் குரல். "எதைக் குடிச்சாலும் உப்பாத்தான் இருக்கு. அவங்களே பாக்கட்டும்."

காஞ்சனா அதைச் சொல்ல அப்பா பக்கம் திரும்பினாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கண் திரையில் இருந்தது.

ஜைனப் வாளியிலிருந்து தகரக் குவளையில் மொண்டாள். வாயில் வைத்தாள். கொஞ்சம் குடித்துவிட்டு நிறுத்தினாள். வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். ஜைனப் விழுங்கினாள். குவளையைப் பார்த்தாள். மிச்சத்தையும் குடித்தாள். பிறகு குனிந்து மறுபடி மொண்டு, பக்கத்தில் நின்ற யாருக்கோ நீட்டினாள். அது ஹாரிஸாக இருக்க வேண்டும். கை மட்டும்தான் தெரிந்தது.

குழந்தைவேலு மூக்கால் நீளமாக மூச்சு விட்டார்.

"ரெண்டாவது துளை போடணும் மாமா" என்றான் லோகேஸ்வரன். "தள்ளி, தென்னந்தோப்பு பக்கம். ஹாரிஸ் இடம் காட்டிட்டான். எவ்வளவு இறக்கட்டும்?"

காஞ்சனா அப்பாவுக்கு நேரே முகத்தை வைத்தாள். "ரெண்டாவது துளை போடணுமாம். தள்ளி, தென்னந்தோப்பு பக்கம். ஹாரிஸ் இடம் காட்டியிருக்காராம். எவ்வளவு இறக்கட்டும்னு கேக்குறாரு."

"ஹாரிஸ் என்ன சொல்றான்?"

அவள் கேட்டாள். லோகேஸ்வரன் திரும்பிக் கேட்டான். ஹாரிஸ் சொன்னது நீளமாக இருந்தது. ஆங்கிலத்தில் வந்ததை லோகேஸ்வரன் தமிழாக்க, அவள் அதை முழுசாகச் சொல்ல, நடுவில் அப்பாவுக்கு ஓரிடம் பிடிபடாமல் மறுபடி சொல்ல, கொட்டகையில் வெயில் நகர்ந்துவிட்டது.

குழந்தைவேலு கடைசிவரை கேட்டார்.

"அப்போ கல்லத் தொட வேணாம்னு சொல்லு" என்றார்.

அவள் சொன்னாள்.